மாஸ்டரின் காது

வயருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் இருக்கிறது. அது மின்கட்டண ரசீதிலும் மாமனார் வாயிலும் மட்டும் புழங்குகிறது. மற்ற எல்லாருக்கும் அவர் வயர். கழுத்தில் எந்நேரமும் ஒரு கேபிள் தொங்கும். பால் வாங்கப் போனாலும் தொங்கும். பல் பிடுங்கப் போன இடத்தில் டாக்டர் அதைக் கழற்றச் சொன்னபோது, "இருக்கட்டும் டாக்டர், இது இல்லேன்னா எனக்கு பயமா இருக்கும்" என்றவர் அவர்.

அவர் என்ன தொழில் செய்கிறார் என்று கேட்டால் அவர் மனைவியே திணறுவாள். அக்கம்பக்கத்தில் யாராவது விசாரித்தால் "ஏதோ கம்ப்யூட்டர் வேலை" என்று சொல்லி வாசல் கதவைச் சாத்திவிடுவாள். அவ்வளவு மறைக்கிற தொழில் ஒன்றும் இல்லை. பழைய காலத்து சின்தசைசர்கள், அதாவது கச்சேரி மேடைகளில் ஒருகாலத்தில் ராஜாவாக இருந்த மின்சாரக் கீபோர்டுகள், இன்றைய கம்ப்யூட்டரோடு பேசும்படி செய்வதுதான் அவர் வேலை. முகம் கொடுத்துப் பேசாத இரண்டு சம்பந்திகளை ஒரே பந்தியில் உட்கார வைக்கிற மாதிரி என்று அவரே சொல்லுவார். இரண்டுக்கும் பொதுவாக ஒரு பாஷை உண்டு. ஆனால் ஒன்று வேகமாகப் பேசும், இன்னொன்றுக்குப் பாதி வாக்கியத்திலேயே மூச்சு வாங்கும். நடுவில் ஒருத்தர் உட்கார்ந்து இருவரையும் சமாதானப்படுத்த வேண்டும்.

சலவைக்கடைக்கு மேலே ஒரு அறை, அதுதான் பட்டறை. கீழே இஸ்திரி போட்டால் மேலே தரை சூடாகும். மழைக்காலத்தில் சுகம், வெயில் காலத்தில் தண்டனை. சுவரோரம் கீபோர்டுகள் சரிந்து நிற்கும். எல்லாவற்றின் உள்ளேயும் ஒரு பொத்தான் பேட்டரி இருக்கிறது. கீபோர்டுக்காரர் உருவாக்கி வைத்த சத்தங்களை அணையாமல் காப்பது அதுதான். அந்தச் சத்தங்களை மாற்றவேண்டும் என்றால் கீபோர்டுப் பெட்டியில் இருக்கும் விரல் அகலச் சின்னத் திரையைப் பார்த்து, பொத்தானை அழுத்தி அழுத்தி, ஒவ்வொரு எண்ணாகத் திருத்தவேண்டும். சாவித் துவாரம் வழியாகப் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு வெள்ளையடிக்கிற கதை. கம்ப்யூட்டரோடு இணைத்துவிட்டால் அதற்கென்று இருக்கும் மென்பொருளில் எல்லாம் ஒரே பார்வையில் விரிந்து கிடக்கும். மௌஸைப் பிடித்து இழுத்தால் போதும்.

வயருக்குத் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. முதலில் வாங்கு, பிறகு கொடு. பெட்டியில் இருக்கும் சத்தங்களை எல்லாம் முதலில் கம்ப்யூட்டருக்கு வாங்கி, இரண்டு இடத்தில் பத்திரப்படுத்திவிட்டு, அதற்கப்புறம்தான் கம்ப்யூட்டரிலிருந்து எதையும் பெட்டிக்குள் அனுப்ப வேண்டும். வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் இதை அவர் உபதேசம் செய்வார், கேட்டவர்கள் கொட்டாவி விடுவார்கள். உபதேசம் செய்கிறவனுக்குத்தான் சறுக்கும் என்று அவருக்கு அப்போது தெரியாது.

மாஸ்டர் என்று ஒருவர். இளவயதில் வயர் எந்தக் கச்சேரிக் குழுவில் பெட்டி தூக்கி, கேபிள் சுருட்டிப் பிழைத்தாரோ, அந்தக் குழுவின் கீபோர்டுக்காரர். பாட்டுக்கு வாசிக்கிறவர்கள் ஆயிரம் பேர் உண்டு. மாஸ்டர் சத்தமே செய்கிறவர். கடையில் வாங்கியபோது பெட்டிக்குள் இருந்த சத்தம் ஒன்றைக்கூட அவர் மிச்சம் வைக்கவில்லை. முப்பத்திரண்டு சத்தமும் அவர் கைப்படச் செய்தவை. ஒவ்வொரு பொத்தானுக்கும் கீழே வெள்ளைப் பிளாஸ்திரியைக் கிழித்து ஒட்டி, அதில் பேனாவால் பெயர் எழுதியிருந்தார். 'மழைக்கு முன்னாடி', 'ஈரத் தகரம்', 'தூரத்து ரயில்', 'பாத்திரம்'.

பாத்திரத்துக்கு ஒரு வரலாறு உண்டு. மாஸ்டர் கச்சேரி முடிந்து தாமதமாக வீடு வரும் நாட்களில் அவர் மனைவி வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லமாட்டார். சமையல் மேடையில் ஒரு பாத்திரத்தை வைப்பார். வைக்கிற விதத்தில் எல்லாம் அடங்கிவிடும். அந்தச் சத்தத்தை மாஸ்டர் பல மாதம் பாடுபட்டுப் பெட்டிக்குள் கொண்டுவந்தார். மணி மாதிரி இருக்கும், மணி இல்லை. கடைசியில் லேசாக ஒரு திருகு திருகி நிற்கும். மேடையில் அதை வாசிக்கும்போதெல்லாம் வயர் பக்கம் திரும்பி, "கேட்டியாடா, என் வீட்டுக்காரி வந்துட்டா" என்று கண்ணடிப்பார்.

அந்த மாஸ்டருக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. பேச்சு மெல்லத் திரும்பியது, நடை ஒரு கைத்தடியோடு திரும்பியது, கை திரும்பவில்லை. வீட்டில் முடங்கி உட்கார்ந்திருந்தவரை ஒரு நாடகக் கம்பெனி தேடிக்கொண்டு வந்தது. புது நாடகத்துக்கு அந்தக் காலத்துச் சத்தம்தான் வேண்டும், வாசிக்க ஆள் இருக்கிறது, சத்தம் செய்துகொடுக்க நீங்கள் வேண்டும் என்றார்கள். மாஸ்டரின் மனைவி, வயர் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார், சலவைக்கடை மாடிப்படி ஏறி மூச்சு வாங்க வந்து நின்றார்.

"இடது கை ஒண்ணை வெச்சுக்கிட்டு, பொத்தானை அமுக்கிக்கிட்டே பக்கத்துக் குமிழையும் நகர்த்த முடியலப்பா. கம்ப்யூட்டர்ல மௌஸை வெச்சுப் பண்ணலாமாமே? நீ வந்து செஞ்சு குடு. அவர் சிரிச்சு எவ்வளவு நாளாச்சு தெரியுமா?"

"நாளைக்கே வரேங்க்கா. இதெல்லாம் எனக்கு ஜுஜுபி" என்றார் வயர். இந்த ஜுஜுபியில்தான் வினை ஆரம்பித்தது.

மறுநாள் காலை அவர் போனபோது ஹாலில் துணி தேய்க்கும் மேஜைமேல் பெட்டி தயாராக இருந்தது. பக்கத்தில் மாஸ்டரின் மாப்பிள்ளை வாங்கிக்கொடுத்த லேப்டாப், உறைகூடப் பிரிக்காமல். அக்கா மாஸ்டரைக் குளிப்பாட்ட உள்ளே கூட்டிப்போனார். "நீங்க வெளியில வர்றதுக்குள்ள முடிச்சிடறேன்" என்று வயர் வாயை விட்டார்.

பையைத் திறந்தால், கீபோர்டுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் மாட்டுகிற நல்ல இணைப்புப் பெட்டி இல்லை. பட்டறை மேஜையிலேயே கிடந்துவிட்டது. இருந்தது ஒரு மலிவுச் சரக்கு. சின்னச் சின்னச் செய்திகளைக் கடத்திவிடும், நீளமாக வந்தால் நடுவில் விழுங்கிவிடும். வயர் லேப்டாப்பைப் பிரித்து இணைத்து, சத்தங்களை வாங்கிப் பார்த்தார். பாதியில் நின்றது. மறுபடி வாங்கிப் பார்த்தார். மறுபடி பாதியில் நின்றது. எழுந்து போய் நல்லதை எடுத்து வந்திருக்க வேண்டும். ஆனால் முடிச்சிடறேன் என்று சொன்ன வாய் இருக்கிறதே, அது காலைக் கட்டிப்போட்டது. சரி, கம்ப்யூட்டரிலிருந்து பெட்டிக்குப் போகும் எதிர்த் திசையாவது ஒழுங்காக இருக்கிறதா பார்ப்போம், ஒரே ஒரு சத்தத்தை அனுப்பிப் பார்ப்போம் என்று நினைத்தார். அப்படி அனுப்பவேண்டும் என்றால் பெட்டிக்குள் இருக்கும் நினைவுப் பூட்டைத் திறக்கவேண்டும். அந்தப் பூட்டு போட்டிருக்கும்வரை யாரும் உள்ளே எதையும் அழிக்க முடியாது.

அவர் பூட்டைத் திறந்தார்.

மென்பொருளில் இரண்டு பொத்தான்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்று, ஒரு சத்தத்தை அனுப்ப. இன்னொன்று, முழு அடுக்கையும் அனுப்ப. அவர் விரல் இரண்டாவதை அழுத்தியது. புதிதாகத் திறந்த மென்பொருளில் என்ன இருக்கும்? ஒரே மாதிரி முப்பத்திரண்டு வெற்றுச் சத்தம்தான் இருக்கும். வாங்கும்போது அத்தனை பிகு செய்த அந்த மலிவுச் சரக்கு, கொடுக்கும்போது மட்டும் தாராளப் பிரபுவாகி, அத்தனையையும் ஒரே மூச்சில் கொண்டுபோய்க் கொட்டியது.

வயர் பெட்டியில் முதல் சத்தத்தின் பொத்தானை அழுத்தினார். இரண்டாவதை அழுத்தினார். 'பாத்திரம்' என்று பிளாஸ்திரி ஒட்டியிருந்ததை அழுத்தினார். எல்லாவற்றுக்கும் சின்னத் திரையில் ஒரே பெயர் வந்தது. எல்லாவற்றிலும் ஒரே மொட்டைச் சத்தம், பழைய போனில் ரிசீவரை எடுத்ததும் கேட்குமே, அந்த மாதிரி. கழுத்திலிருந்த கேபிளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். குளியலறையில் மாஸ்டர் ஏதோ முனகிப் பாடுவது கேட்டது. நாடகக்காரர்கள் வந்துபோன பிறகுதான் பாட ஆரம்பித்திருக்கிறார் என்று அக்கா சொல்லியிருந்தார்.

தலை துவட்டி, புதுச் சட்டை போட்டு, மாஸ்டர் தடியை ஊன்றி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"முடிஞ்சுதாப்பா?" என்றார் அக்கா.

"ஒரு சின்னக் கோளாறுக்கா. கடைக்கு எடுத்துட்டுப் போய்ப் பார்த்துட்டு வரேன்."

"டேய் வயரு, சத்தமெல்லாம் பத்திரமா இருக்குல்ல?" என்றார் மாஸ்டர்.

"இருக்கு மாஸ்டர்."

சொல்லிவிட்டார். அப்போதே காலில் விழுந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அந்தப் புதுச் சட்டையைப் பார்த்த பிறகு அவருக்கு நாக்கு எழவில்லை.

அடுத்த சில நாட்கள் பட்டறையில் வேறு வேலை எதையும் அவர் தொடவில்லை. பழைய கச்சேரிகளை யாரோ பதிவுசெய்து வைத்திருந்ததைத் தேடிப் பிடித்து, ஹெட்போனைப் போட்டுக்கொண்டு, மாஸ்டரின் சத்தங்களை ஒவ்வொன்றாகத் திரும்பச் செய்தார். கைத்தட்டலுக்கும் டிரம்ஸுக்கும் நடுவிலிருந்து ஒரு சத்தத்தைப் பிரித்தெடுப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. மேடைக்குப் பக்கத்தில் நின்று கேட்டே வளர்ந்த காது என்பதால் முக்காலே மூணு வீசம் வந்துவிட்டது என்று நினைத்தார். பாத்திரம் மட்டும் வசப்படவில்லை. எப்படிப் புரட்டினாலும் அது கோவில் மணியாகவோ சைக்கிள் மணியாகவோதான் வந்தது. கடைசியில் சைக்கிள் மணியை நல்லபடியாகத் தேய்த்து அந்த இடத்தில் வைத்துவிட்டு, யாருக்குத் தெரியப்போகிறது என்று தனக்கே சொல்லிக்கொண்டார். ஆள் உடம்பு சரியில்லாதவர், பழைய ஞாபகம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும் என்றும் சொல்லிக்கொண்டார். இதை நினைத்ததற்காகத்தான் பிற்பாடு அவர் தன்னை அதிகம் வெறுத்தார். அழித்தது கை. இதை நினைத்தது மனசு.

பெட்டியைக் கொண்டுபோய் லேப்டாப்போடு இணைத்தார். நல்ல இணைப்புப் பெட்டி, நல்ல கேபிள், எல்லாம் வழுக்கிக்கொண்டு ஓடியது. மாஸ்டர் இடது கையால் மௌஸைப் பிடித்து ஒரு கோட்டை மேலே இழுத்தார். பெட்டிக்குள் சத்தம் மாறியது. குழந்தை முதல்முதலாக ஸ்விட்சைப் போட்டு விளக்கு எரிவதைப் பார்க்குமே, அந்த முகம். அக்கா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வயருக்கும் ஒரு கணம் எல்லாம் சரியாகிவிட்ட மாதிரி இருந்தது.

பிறகு மாஸ்டர் 'மழைக்கு முன்னாடி'யை அழுத்தி ஒரு சுரம் வாசித்தார். நிறுத்தினார். மறுபடி வாசித்தார்.

"வயரு, இது இப்படியா இருந்துது?"

"இப்படித்தான் மாஸ்டர் இருந்துது."

"அடியில ஒரு கரகரப்பு வருமே."

"எனக்கு வருது மாஸ்டர்."

இந்தப் பொய்தான் மன்னிக்க முடியாதது. முதலில் சொன்னதைப் பயம் என்று மன்னித்துவிடலாம். இதை என்னவென்று சொல்வது? மாஸ்டர் அடுத்ததை வாசித்தார், அதற்கடுத்ததை வாசித்தார். ஒவ்வொன்றுக்கும் தலையை ஒரு பக்கம் சாய்த்து, பிறகு இன்னொரு பக்கம் சாய்த்து, மற்றக் காதுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்த்தார். 'பாத்திர'த்தை மட்டும் வெகுநேரம் தட்டிக்கொண்டே இருந்தார். அப்புறம் மௌஸை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"சரி விடு. கை போன வழியிலேயே காதும் போயிருச்சு போல" என்று சிரித்தார்.

வயர் அன்று வீட்டுக்கு எப்படி வந்தார் என்று அவருக்கே ஞாபகமில்லை. மறுநாள் அக்கா போன் செய்தார். காது டாக்டரிடம் காட்டினார்களாம், கேட்கும் அளவெல்லாம் சரியாகத்தான் இருக்கிறதாம். "அப்ப மூளைக்குள்ள போய்த்தான் சத்தம் மாறுதுன்னு சொல்லிட்டு ஒரே யோசனையா உக்காந்திருக்கார். டிவி போட்டாக்கூட, இது சரியாத்தான் கேக்குதா எனக்குன்னு என்னையே கேக்கறார். நீ ஒரு வார்த்தை தைரியம் சொல்லேன்" என்றார். வயர் தைரியம் சொன்னார். ஓய்வெடுக்கச் சொன்னார், கீரை சாப்பிடச் சொன்னார். சொல்லவேண்டியதைத் தவிர உலகத்தில் உள்ள அத்தனையும் சொன்னார்.

அடுத்த வாரம் முழுக்க அக்காவின் நம்பர் வந்தால் போனைத் திருப்பிப் போட்டார். மனைவிக்குத் தெரியாமல் இருக்குமா? அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். நாள் முழுக்க ஜனங்களின் முகத்தையே பார்த்துப் பார்த்து, போர்டில் எழுத்து தெரியாமலே தெரிகிறது என்று யார் பொய் சொல்கிறார்கள் என்பதைச் சட்டென்று கண்டுபிடித்துவிடுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிடித்து உட்காரவைத்துக் கேட்டாள். வயர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அழுதும்விட்டார்.

அவள் ஆறுதல் சொல்லவில்லை.

"எங்க கடைக்கு வர்றவங்க சரியாத் தெரியலேன்னா முதல்ல கண்ணாடியைக் கழட்டித் துடைப்பாங்க. அதுக்கப்புறம்தான் கண்ணைச் சந்தேகப்படுவாங்க. அந்த மனுஷன் உங்களைத் துடைச்சுப் பாக்கலாம்னுகூட நினைக்கல. நேரா தன் காதையே சந்தேகப்பட்டுட்டார். அவ்வளவு நம்பிக்கை உங்கமேல. நீங்க இங்க உக்காந்து மூக்கைச் சிந்திட்டிருக்கீங்க."

"இப்பப் போய் எப்படிச் சொல்றது?"

"வாயாலதான். செருப்பைப் போடுங்க."

மாஸ்டர் வீட்டில் பெட்டிமேல் ஒரு படுக்கை விரிப்பைப் போர்த்தி வைத்திருந்தார்கள். லேப்டாப் திரும்ப உறைக்குள் போயிருந்தது. மாஸ்டர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். புதுச் சட்டை இல்லை. வயர் உட்காரவில்லை.

"மாஸ்டர், உங்க காதுக்கு ஒண்ணும் ஆகல. நான்தான் எல்லாத்தையும் அழிச்சுட்டேன்."

மாஸ்டர் திரும்பிப் பார்த்தார்.

"எதை?"

"உங்க சத்தங்களை. பூட்டைத் திறந்துட்டு, தப்பான பொத்தானை அமுக்கிட்டேன். இப்ப உள்ள இருக்கிறது நான் பண்ணி வெச்சது."

"அப்ப மழைக்கு முன்னாடில அந்தக் கரகரப்பு?"

"இல்ல மாஸ்டர். எனக்குப் பண்ணத் தெரியல."

"ரயில்ல ஒரு மூச்சு கம்மியா இருந்துதே?"

"கம்மிதான்."

"பாத்திரம்?"

"அது சைக்கிள் மணி."

வயர் அடியை எதிர்பார்த்து நின்றார். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாஸ்டர் இடது கையால் தொடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வாயெல்லாம் சிரிப்பு.

"அடியே! இங்க வாயேன்! என் காது நல்லா இருக்குடி! சைக்கிள் மணிடி அது! நான் அன்னிக்கே நினைச்சேன்!" பிறகு வயர் கையைப் பிடித்துக்கொண்டு, "வந்து சொன்னியே, நல்லா இருடா" என்றார்.

செய்த துரோகத்துக்கு நன்றி வாங்குவது எப்படி இருக்கும் என்று வயருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதைவிடச் செருப்படி மேல்.

அக்கா ஈரக் கையோடு சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டார். சத்தம் போடவில்லை.

"இதை நேத்துக் காலையில வந்து சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார்.

"ஏங்க்கா?"

"நாடகக்காரங்க நேத்துதான் போன் பண்ணாங்க. எனக்குக் காது போயிருச்சு, என்னை நம்பாதீங்க, வேற ஆளைப் பாத்துக்கோங்கன்னு சொல்லிட்டார். எவ்வளவு நேரம் பேசிப் பாத்தாங்க தெரியுமா. நான்கூட, விடுங்க, உடம்பு முக்கியம்னுட்டேன்." திரும்பி உள்ளே போய்விட்டார்.

வயர் அங்கேயே நின்று நாடகக் கம்பெனிக்குப் போன் செய்தார். தப்பு முழுக்கத் தன்னுடையது என்றார், கெஞ்சினார். அந்தப் பக்கம் இருந்தவர் நல்ல மாதிரிதான். ரொம்ப வருத்தமாக இருக்கிறது, ஆனால் நேற்று மாலையே இன்னொருத்தருக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது என்றார். மாஸ்டர் போனை வாங்கி வைத்தார்.

"போனது போகட்டும் விடு. காது இருக்கு, அது போதும். அந்தத் துணியை எடு. உக்காரு. முதல்ல பூட்டைப் போடு, அப்புறம் என்ன இருக்கோ அதை வாங்கிப் பத்திரம் பண்ணு. சட்டம் சொல்லுவியே, என்னது அது?"

"முதல்ல வாங்கு, பிறகு கொடு."

"அதேதான்."

வயர் விரிப்பை எடுத்தார், பெட்டியை இணைத்தார். மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொல்ல, வயர் மௌஸைப் பிடித்து இழுத்தார். கொஞ்சம் மேலே, இல்லை கீழே, நிறுத்து. கரகரப்பு வந்தது. ரயிலுக்கு மூச்சு வந்தது. மாஸ்டர் காதில் ஒரு குண்டூசி விழுந்தாலும் தப்பாது போலிருந்தது. இந்தக் காதையா போய்விட்டது என்று நம்பவைத்தோம் என்று ஒவ்வொரு திருத்தத்துக்கும் வயர் தன்னையே கேட்டுக்கொண்டார். 'பாத்திர'த்தில் வந்து மாட்டிக்கொண்டார்கள். மணி மாறியதே தவிர மணியாகவேதான் இருந்தது. கடைசித் திருகு எப்படி இருக்கும் என்று மாஸ்டருக்கே பிடிபடவில்லை.

"ஒரு தடவை கேட்டாப் போதும். அவ அப்படி வெச்சு வருஷக்கணக்கா ஆச்சு. நான் படுத்ததுலேர்ந்து என்கிட்ட கோவிச்சுக்கவே மாட்டேங்கறா" என்றார் மாஸ்டர். "நீ போய்க் கேளு."

"நானா?"

"நான் கேட்டா மெதுவா வைப்பா."

வயர் எழுந்து போய்ச் சமையலறை வாசலில் நின்றார். அக்கா முதுகைக் காட்டிக்கொண்டு கழுவிய பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா" என்றார். "மாஸ்டருக்கு அந்தப் பாத்திரச் சத்தம் வேணுமாம். ஒரு தடவை."

அக்கா திரும்பினார். வயரின் முகத்தைப் பார்த்தார். கழுத்தில் தொங்கிய கேபிளைப் பார்த்தார். துடைப்பதை நிறுத்தவில்லை.

"காது போயிருச்சுன்னு நினைச்சு, தினமும் குளிப்பாட்டும்போது, இதுதான் உன் குரலா, எனக்குச் சரியாத்தான் கேக்குதான்னு என்கிட்ட கேப்பார்" என்றார். "நான் அழுதுட்டேன்னு அவருக்குத் தெரியக்கூடாதுன்னு தண்ணியைத் திறந்து விட்டுப்பேன்."

வயர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

அக்கா பாத்திரத்தை மேடையில் வைத்தார். மணி மாதிரி இருந்தது, மணி இல்லை. கடைசியில் லேசாக ஒரு திருகு திருகி நின்றது.

"அதான்!" என்று ஹாலிலிருந்து மாஸ்டர் கத்தினார். "அதேதான்டா! கேட்டியா? இன்னொரு தடவை வைக்கச் சொல்லு!"

வயர் இருந்த இடத்திலேயே நின்றார். அக்கா அவரைப் பார்த்துக்கொண்டே பாத்திரத்தை மறுபடி கையில் எடுத்தார்.